மறைத்து என்று ஒரு சொல்

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ரத்தக்கொதிப்பு இருக்கிறது, பழசையெல்லாம் மனசில் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று என்னைப் பார்க்கும் டாக்டர் சொல்கிறார். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். மற்றதை அவர் சொல்லி நான் கேட்பதாக இல்லை. அக்காவின் மாமியார் செத்துப்போன செய்தி வந்தபோது கேதத்துக்குக்கூட நான் போகவில்லை. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, ரெண்டு முழம் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்வந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், போய்ச் சொல்கிறவர்கள் சொல்லட்டும் என்றுதான் போனேன்.

எல்லாம் எண்பதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர். நான் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். அக்காவை நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், சர்க்கார் உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த வீட்டில் மாமனார், மாமியார், மச்சான், அக்கா. பிறகு ஒரு பெண் குழந்தை.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம், குழந்தைக்கு ஒன்றரை வயசாகும்போது, அக்காவுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இடது கைக் கட்டைவிரல் தானாகத் துடிக்க ஆரம்பித்திருக்கிறது. இதென்னடா கூத்து என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். விரலிலிருந்து கைக்கு ஏறி, வாயோரம் இழுத்து, அதற்கப்புறம் அவளுக்கு நினைவில்லை. மாமியார் ஓடிவந்து இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணித்திருக்கிறாள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். ரெண்டு மூன்று நிமிஷத்தில் வலிப்பு தானாக நிற்கும். இரும்பைக் கொடுத்ததால் நின்றது என்று கூடியிருக்கிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அரிசி அறைச் சாவியைக்கூட மருமகளை நம்பிக் கொடுக்காத பொம்பளை, வலிப்பு வந்தபோது மட்டும் கொத்தாகவே கொடுத்துவிட்டாள். அக்கா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது தடவை வலிப்பு வந்த மறுநாள், மச்சான் அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்து எங்கள் வாசலில் விட்டார். அவளுடைய பெட்டியும் வந்தது. பிள்ளை வரவில்லை.

“பிள்ளை எங்க மாப்ள?” என்று அம்மா கேட்டாள்.

“வலிப்புக்காரி கையில எப்படிப் பிள்ளையக் குடுக்கிறது? அடுப்புல கிடுப்புல போட்டுட்டான்னா? மொதல்ல இவளுக்குச் சரியாகட்டும், பாப்போம்” என்றார். அம்மா போட்டுவந்த காப்பியைக் கையால்கூடத் தொடவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

பிள்ளையைக் கேட்டு மூன்று தடவை போனோம். ரெண்டு தடவை வீட்டில் ஆள் இருந்தும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை மாமியார் தெருவுக்கு வந்து நின்றுகொண்டாள்.

“காக்கா வலிப்ப மறைச்சு எம் மவன் தலையில கட்டிட்டு, இப்பப் பிள்ளை வேற வேணுமாக்கும்? அம்புட்டு நெஞ்சழுத்தமா ஒங்களுக்கு?” என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

“யாத்தே, எங்க வீட்டுல இருந்தவரைக்கும் இவளுக்கு ஒரு தலவலி வந்ததில்ல” என்று அம்மா அழுதாள். உள்ளே பிள்ளை “அம்மா, அம்மா” என்று கூப்பிடுவது எங்களுக்குக் கேட்டது. அக்கா கதவைத் தள்ளப் போனாள். கிழவி இவளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகும் மன்னிக்கச் சொல்கிறவர்கள் என் வீட்டுப்பக்கம் வரவேண்டாம்.

அடுத்த மாசம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கல்யாணத்தின்போதே பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு இருந்தால் அந்தக் கல்யாணம் செல்லாது என்று ரத்து செய்ய அப்போது சட்டத்தில் இடம் இருந்தது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மச்சான் மனுப் போட்டிருந்தார். ‘எதிர்மனுதாரரின் குடும்பத்தார் மேற்படி நோயை மறைத்து’ என்று தொடங்கி, மறைத்து, மறைத்து என்று ஏழு இடத்தில் இருந்தது. வக்கீல் ஆபீஸில் அந்தச் சொல்லை நான் எத்தனையோ மனுக்களில் அடித்திருக்கிறேன். நிலத்தில் வில்லங்கத்தை மறைத்து, முதல் தாரத்தை மறைத்து, வயசை மறைத்து என்று. விரல் பாட்டுக்கு அடிக்கும், மனசு மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கும். என் அக்கா பெயருக்குப் பக்கத்தில் அதைப் பார்த்ததும் ஏழு இடத்திலும் பென்சிலால் வட்டம் போட்டேன். இருங்கடி, இதே சொல்லை உங்கள் வாயில் திணிக்காமல் ஓயமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நியாயம் கிடைக்கவேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான். அவர்கள் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

நான் வேலைபார்த்த ஆபீஸ் வக்கீல்தான் எங்களுக்கும் வக்கீல். மனுவைப் படித்துவிட்டுச் சொன்னார். “அழுவாதம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இந்த வலிப்பு எப்ப இருந்து, எதனால வந்துச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாருன்னா பாதிக் கேஸ் முடிஞ்சுது.”

ஆஸ்பத்திரியில் மூளை நரம்பு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, “எந்த எடத்துல ஆரம்பிக்குது?” என்பதுதான். அந்த வீட்டில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. அக்கா இடது கைக் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். “எப்பவும் இதுலதானா?” என்றார். “எப்பவும் இதுலதான்” என்றாள். தலைவலி உண்டா, காலையில் வாந்தி வருகிறதா என்று கேட்டார். ரெண்டும் இருந்தது. மாமியார் அதை மசக்கை என்று சொல்லிவிட்டாளாம். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணின் உள்நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்.

“இது பொறவி வலிப்பு இல்லம்மா. இத்தன வயசுக்கு மேல புதுசா, அதுவும் எப்பவும் ஒரே விரல்ல ஆரம்பிச்சா, மூளையில ஏதோ ஒண்ணு உக்காந்து அழுத்துதுன்னு அர்த்தம். இடது கைன்னா வலது பக்கத்து மூளை.”

மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேனுக்கு அப்போது மெட்ராஸ் போகவேண்டும். இங்கே கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய்கள் ஓரிடத்தில் ஒதுங்கி வளைந்து போயிருந்தன. அங்கேதான் கட்டி இருக்கிறது, மண்டையைத் திறந்துதான் எடுக்கவேண்டும் என்றார்கள். அக்காவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. எல்லாவற்றையும் மழித்தார்கள். நான் அதை மஞ்சள் பையில் வாங்கி வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்து, அந்தக் குடும்பம் விளங்காமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிறவள் பிழைக்கவேண்டும் என்று அதற்குப் பிறகுதான் வேண்டினேன். சொல்வதற்கென்ன, அதுதான் நடந்தது.

அந்த வார்டில் ஒருபக்கம் பூராவும் பக்கவாதக்காரர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் போனவர்கள், கொதிப்பில் வெடித்துப் போனவர்கள். முதல்நாள் வரை வண்டியடித்த ஆள் மறுநாள் தண்ணீர் என்று சொல்ல வாய் வராமல் கிடப்பார். அவர்களுக்கு நடுவில் என் அக்கா மொட்டைத் தலையில் கட்டோடு எழுந்து உட்கார்ந்தாள். இடது கைக்குப் பலம் குறைந்திருந்தது. வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு, “இனிமே வலிப்பு வராதுல்ல? பிள்ளையத் தருவாகள்ல?” என்பதுதான்.

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆடி மாசத்தில் ஒருநாள் முடிவு வந்தது. டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

“கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. இது டிபி கட்டி. நெஞ்சுல வார அதே டிபிதான், ரத்தத்துல ஏறி மூளையில போய் உக்காந்திருக்கு. ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிடணும். வலிப்பு மாத்திரையும் நிறுத்தக்கூடாது.” அப்புறம் கேட்டார். “வீட்டுல யாராச்சும் ரொம்ப நாளா இருமிக்கிட்டு இருக்காங்களா?”

எனக்கு மண்டைக்குள் பளிச்சென்றது. அக்காவின் மாமனார். எப்போது போனாலும் இருமல்தான். சாம்பல் போட்ட மண்சட்டியில் துப்புவார். அதைத் தினமும் கழுவி வைத்தது என் அக்கா. கேட்டால் மூச்சு இழுப்பு என்பார்கள். அக்கா கல்யாணப் பேச்சு நடந்த சமயம் ஆறு மாசம் அவர் ஊரிலேயே இல்லை. தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

“அவ மாமனாரு இருமுவாரு டாக்டர்” என்றேன்.

“அவரக் கூட்டிட்டு வாங்க. வீட்டுல சின்னப் பிள்ளை ஏதும் இருக்கா?”

“அக்கா பிள்ளை இருக்கு. ரெண்டு வயசு.”

“அதத்தான் மொதல்ல கூட்டிட்டு வாங்க. சின்னப் பிள்ளைகள இது சீக்கிரம் பிடிக்கும். நாளக் கடத்தாதீங்க” என்றார்.

சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பசித்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நல்ல பசி. கேன்டீனில் நாலு இட்லி வாங்கித் தின்றேன், அப்புறம் ரெண்டு. நோயை மறைத்தது யார்? அவர்கள். நோயை ஒட்டவிட்டது யார்? அவர்கள். எங்கள் வீட்டிலிருந்து வலிப்பு போகவில்லை, அவர்கள் வீட்டிலிருந்துதான் அது வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வக்கீலிடம் ஓடினேன். அவர் மேஜையைத் தட்டினார். “அந்த ஆறு மாசமும் அந்த ஆளு காசநோய் ஆஸ்பத்திரியிலதான் படுத்திருப்பாரு. ரெஜிஸ்தரை வரவழைக்கிறேன். அதுவரைக்கும் மூச்சு விட்றாத. முன்னாடியே தெரிஞ்சுச்சுன்னா உஷாராயிருவாங்க. கூண்டுல ஏத்தி வச்சுத்தான் கேக்கணும்” என்றார்.

பிள்ளையை உடனே கூட்டிவரச் சொல்லி டாக்டர் சொன்னதை மட்டும் நான் வக்கீலிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே நோட்டீஸ் கொடுத்து, பிள்ளைக்குத் தனி மனுப் போட்டிருப்பார். எதிர்த்தரப்புக்கு விஷயம் தெரிந்துபோயிருக்கும். அக்காவிடம், கட்டியை எடுத்தாகிவிட்டது, இது மூளை பலப்படுவதற்கான மருந்து என்றேன். அவள் நான் சொன்னால் நம்புவாள்.

புரட்டாசியில் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் அந்த மாமனார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளை மெலிந்திருந்தது. கிழவர் இருமினார். துண்டால் வாயைப் பொத்தவில்லை, பிள்ளையின் முகத்துக்கு நேராக இருமினார். அது கண்ணை மூடிக்கொண்டு திறந்தது, அது ஒரு விளையாட்டு என்பது மாதிரி சிரித்தது. ரெண்டு எட்டு வைத்தால் போய்ப் பிடுங்கியிருக்கலாம். கத்தியிருந்தால் ஊரே கூடியிருக்கும். என்னைப் பார்த்துவிடப் போகிறாரே என்று நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாய்தாவுக்கு இன்னும் ரெண்டு வாரம்தானே என்று நினைத்தேன். அந்த வாய்தாவில் ஜட்ஜ் லீவு. கேஸ் கார்த்திகைக்குப் போனது.

கார்த்திகையில் நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. மாமனார் கூண்டில் ஏறி, மருமகளுக்குப் பிறவியிலேயே வலிப்பு, அதை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று சாட்சி சொன்னார். எங்கள் வக்கீல் மெதுவாக எழுந்தார்.

“ஐயா, நீங்க காசநோய் ஆஸ்பத்திரியில படுத்திருந்ததுண்டா?”

“இல்லங்க.”

வக்கீல் ரெஜிஸ்தரைக் காட்டினார். சேர்ந்த தேதி, அனுப்பிய தேதி, கைநாட்டு. கிழவருக்கு இருமல் வந்துவிட்டது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

“கொணமாயிருச்சுன்னுதான் அனுப்புனாகய்யா” என்றார்.

“பொண்ணு வீட்டுல சொன்னீங்களா?”

கிழவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “மறைச்சீங்களா?” என்று வக்கீல் சத்தமாகக் கேட்டார். அப்போது நான் மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவையே கூட்டிக் கத்தியவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். எனக்கு அப்படியே உடம்பு குளிர்ந்துபோனது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுவாரமே மனுவை வாபஸ் வாங்கினார்கள். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சம்மதப் பத்திரத்தை நானே அடித்தேன், ஒரு பிழை இல்லாமல். வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லி மச்சான் ஆள் அனுப்பினார். “சட்டி கழுவ வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க” என்று அக்கா சொல்லிவிட்டாள். பிள்ளை முதலில் அவளிடம் போகவில்லை. மொட்டையில் முளைத்த குட்டை முடியைப் பார்த்து யாரோ என்று விலகியது. ரெண்டு நாள் கழித்துத் தானாக வந்து அவள் மடியில் படுத்தது. அக்கா பலமில்லாத அந்த இடது கையை அதன்மேல் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தாள். தனக்கு இருந்தது டிபி கட்டி என்பது அவளுக்குக் கேஸ் முடிந்தபோதுதான் தெரிந்தது; பிள்ளையைக் காட்டச் சொல்லி டாக்டர் சொன்னதை, ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்பாளே என்று, அப்போதும் நான் சொல்லவில்லை.

தையில் பிள்ளைக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. சோறு இறங்கவில்லை. கழுத்தின் ரெண்டு பக்கமும் நெறிகட்டி நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. அக்கா அவளையும் தூக்கிக்கொண்டு, மாத்திரை வாங்கப் போகிற அன்றைக்கு அதே டாக்டரிடம் காட்டினாள். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவின் பழைய சீட்டைப் புரட்டினார்.

“ஏம்மா, கட்டியோட ரிசல்ட் வந்த அன்னைக்கே சொன்னேனே, பிள்ளைய மொதல்ல கூட்டிட்டு வாங்க, நாளக் கடத்தாதீங்கன்னு. இவங்ககிட்டத்தான் சொன்னேன்” என்று என்னைக் காட்டினார். “இதுவும் டிபிதான். நல்லவேளை, மூளைக்கு ஏறல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அதுவும் நடந்திருக்கும். தொண்ணூறு நாள் தெனமும் ஊசி போடணும்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் கேட்டாள்.

“டாக்டர் எந்த மாசம் சொன்னாரு?”

“ஆடியில.”

“பிள்ளை வந்தது கார்த்திகையில.”

“கேஸு கெட்டுப் போயிருமேன்னுதான்க்கா. ஒனக்காகத்தான்...”

“எனக்குக் கேஸா வேணும்னு கேட்டேன்? கண்ணத் தொறந்ததும் நான் ஒங்கிட்ட என்னடி கேட்டேன்?”

அவள் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவுக கொணமாயிருச்சுன்னு நெனச்சு இருந்தாக. ஒனக்கு டாக்டரே சொல்லியிருக்காரு. தெனமும் நீதான் இவள ஊசிக்குத் தூக்கிட்டுப் போகணும். நான் வரமாட்டேன். அவ கத்துறத நீ கேளு.”

தொண்ணூறு நாளும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன், வருஷப்பிறப்பு லீவிலும் போனேன். ஊசி போட்டு, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு லேட்டாகப் போவேன். முதல் வாரம் ஊசி அறை வாசலைப் பார்த்ததும் அழுதாள். அடுத்த வாரம் பஸ்ஸைப் பார்த்ததும். அதற்கப்புறம் காலையில் நான் செருப்பை மாட்டினாலே அழ ஆரம்பித்தாள். “காலக் கெட்டியாப் பிடிங்கம்மா, ஒதறுது பாருங்க” என்று நர்ஸ் சொல்வார். நான் ரெண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். அவள் என் முகத்தைப் பார்த்து “அம்மா, அம்மா” என்று கத்துவாள்.

கடைசி ஊசி முடிந்த அன்று, முடிஞ்சுபோச்சுடி கண்ணு, இனிமே ஊசியே இல்லை என்று அவளிடம் நூறு தடவை சொன்னேன். முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அவள் சேலைக்குள் புகுந்துகொண்டது. சித்தி வந்திருக்கேன் பாரு, வா என்று கையை நீட்டினேன். வரவில்லை. அக்கா அவளை வெளியே விடவும் இல்லை.